கடைசி ஆள் வரும் வரை

அவரோடு சேர்ந்து கிளம்பினால் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவர் தாமதமாக வருகிறவர் இல்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பார். ஆனால் கடைசி ஆள் வராமல் நகர மாட்டார். தட்டாஞ்சாவடியில் எங்கள் கம்பெனியிலிருந்து மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் ஸ்கூட்டர்களில் கடற்கரைக்குப் போவோம். நாங்கள் சிக்னல் விழுவதற்குள் பறந்துவிடுவோம். அவர் கடைசி வண்டிக்கும் பின்னால் வருவார். யாராவது பெட்ரோல் போட நின்றால் அவரும் நிற்பார். நாங்கள் சுண்டல் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் வந்து வண்டியை நிறுத்துவார், கூடவே பெட்ரோல் போட்டவரும்.

“இன்னாங்க, மேய்ச்சு ஓட்டிக்கினு வர்ற மாதிரி வர்றீங்க?” என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

“யாராவது விழுந்தா தெரியணும்ல” என்றார்.

கிண்டலே அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். நன்றாகவே புரிந்திருக்கிறது. பதில் சொல்லுமளவுக்கு அது பெரிய கிண்டலாக அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரு பக்கம் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் லேத் பட்டறை, நடுவில் மாடியில் நாங்கள் இருபது பேர் கணினிகளோடு. கேட்டில் வாட்ச்மேன் அடையாள அட்டை கேட்டார். நான் ஆதார் அட்டையை நீட்டினேன். அவர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டை நீட்டினார். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அண்ணன்கள் இருவரும் பிரான்சில். இவரும் இவருடைய அம்மாவும் மட்டும் நெல்லித்தோப்பில் ஒரு சந்து வீட்டில். வாட்ச்மேன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, “போன்ழூர் மதாம்” என்று ஒரு சல்யூட் வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்க அவருக்கு மதாம் என்று பெயர் விழுந்துவிட்டது. எங்களுக்கு ஒரே வயது, இருபத்தெட்டு. இருந்தாலும் கடைசி வரைக்கும் நீங்க, வாங்கதான்.

பஸ் ஏஜென்சிகளுக்கு இணையத்தில் சீட் புக்கிங் பக்கம் செய்து கொடுப்பது எங்கள் வேலை. அதில் ஒரு வில்லங்கம் வந்தது. பஸ்ஸின் படத்தில் பதினேழாம் நம்பர் சீட் காலி என்று பச்சையாகத் தெரியும். மேலே பார்த்தால் ‘இடம் இல்லை’ என்று இருக்கும். கீழே பொத்தானில் ‘இன்னும் இரண்டு சீட்’ என்று இருக்கும். ஒரே பக்கத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சத்தியம் செய்வார்கள். காரணம் எளிது. பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டிருந்தது. ஒன்றில் திருத்தினால் மற்றதற்குத் தெரியாது. நாங்கள் எல்லாரும் ஓட்டை தெரியும் இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். மதாம் மூன்று நாள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து நூறு வரி நிரல் எழுதினார். எது காலி, எது போனது என்பதை ஒரே ஒரு இடம் மட்டும் வைத்திருக்கும். யார் எதை மாற்ற வேண்டுமென்றாலும் அங்கே வந்து சொல்ல வேண்டும். அது எல்லாருக்கும் சேதி சொல்லிவிடும். எங்கள் தொழிலில் இதற்கு ஸ்டேட் மேனேஜ்மென்ட் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ மந்திரிசபை சமாசாரம் போல இருக்கும். விஷயம் இவ்வளவுதான்.

“இத வெளிய போட்டுடலாமா? யாருக்காவது ஒதவும்” என்றார் அவர்.

வெளியே போடுவது என்றால் ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் வைத்துவிடுவது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், திருத்தலாம், திட்டலாம். முதலாளி தலையாட்டினார். ஊர்ச் சேதி எல்லாம் ஒரு இடத்துக்கு வந்து அங்கிருந்து பரவுவதாலும், தட்டாஞ்சாவடியில் பிறந்ததாலும் அதற்குச் சாவடி என்று பெயர் வைத்தேன். நான் செய்தது பெயர் வைத்ததும், பிறகு இரண்டாம் ஆளாக உட்கார்ந்து சில பகுதிகளை எழுதியதும். வெளிநாட்டுக்காரர்கள் அதை ஷவாடி, சவ்வடி என்றெல்லாம் கடித்துத் துப்பினார்கள்.

முதல் வருடத்தில் சாவடியைப் பயன்படுத்தியவர்கள் எங்கள் கம்பெனியும் வேறு மூன்று பேரும். அந்த மூன்று பேருக்காக மதாம் ஆபீஸ் திறப்பதற்கு அரை மணி முன்னால் வந்து உட்காருவார். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, ஜன்னலைத் திறந்து, பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டு, வந்திருக்கும் கடிதங்களைப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவார். பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சில். இந்தத் தொழிலில் பிரெஞ்சில் கேட்டு பிரெஞ்சில் பதில் வாங்குவது லேசான காரியம் இல்லை. விஷயம் காதோடு காதாகப் பரவி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் எங்கெங்கோ இருக்கும் தீவுகளிலிருந்தும் ஆட்கள் சாவடிக்கு வர ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. சின்ன பள்ளிக்கூடம், படகுத்துறை, ஆஸ்பத்திரி. பழைய போன்கள், நகராத இணையம். புது வெர்ஷன் வந்தால் மாற்றிக்கொள்ள அவர்களிடம் தனியாக ஆள் கிடையாது. பக்கத்தைச் செய்தவரே மருந்தும் கொடுப்பார், ஜெனரேட்டரையும் ஓட்டுவார்.

அவர்களைப் பற்றி மதாமுக்கு எல்லாம் தெரியும். எந்த ஊரில் மழைக்காலத்தில் இணையம் வராது, யார் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார், யாருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். லட்சம் பேர் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் இந்த மாதிரி வேலைகளை ஆரம்பிப்போம். அவர் ஆட்களைப் பேர் பேராக வைத்திருந்தார்.

ஒரு ஆகஸ்ட் பதினான்காம் தேதி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சாவடியில் ஒரு பிழை இருந்தது. எதையாவது மாற்றினால் அந்தச் சேதியை அது எல்லாருக்கும் இரண்டு தடவை சொல்லும். முதல் நூறு வரியிலேயே விழுந்த பிழை. வெட்டி வேலை, வேகத்தைக் குறைக்கிறது. நான் அதைக் கண்டுபிடித்து, ஒரே தடவை சொல்லும்படி திருத்தி, பெருமையாக வெளியிட்டுவிட்டு லாஸ்பேட்டையில் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் சுதந்திர தினம், மாதா விண்ணேற்புத் திருவிழா. அதற்கு மறுநாளும், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் கைமாறிய நாள் என்று, எங்கள் ஊருக்கு மட்டும் தனியாக ஒரு விடுமுறை உண்டு. நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்தேன்.

பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஆறரை மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். மதாம். பட்டுப்புடவை, தலையில் பூ. திருவிழா மாலைப் பூசையிலிருந்து நேரே வந்திருக்கிறார்.

“லேப்டாப்ப எடுங்க” என்றார்.

எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் காட்டியதைப் பார்த்தேன். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நோயாளிகளின் டோக்கன் நம்பரைச் சுவரில் ஒரு திரையில் காட்டுகிறார்கள். அதற்குள் சாவடி இருக்கிறது, நாங்கள் வெளியிடும் சின்னத் திருத்தங்கள் அங்கே தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அங்கே இருந்த பழைய கணினியில் முதல் சேதி வரும்போது திரை தயாராக இருக்காது. இரண்டாவது சேதி வரும்போதுதான் நம்பர் மாறும். இத்தனை நாள் எங்கள் பிழைதான் அவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் பிழையைத் திருத்தினேன். திரை பதினான்காம் நம்பரிலேயே நின்றுவிட்டது. முப்பது, நாற்பது என்று டோக்கன் வைத்திருந்தவர்கள் தங்கள் முறை வரவில்லை என்று நினைத்து வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

“தப்பு அவங்களோடது மதாம். பிழைய நம்பி யாராவது வேல செய்வாங்களா? நான் சரியாத்தானே செஞ்சேன்?”

“சரிதான். நீங்க செஞ்சது சரிதான்.”

“அப்புறம் இன்னா?”

“வெயில்ல உக்காந்திருக்கிறது நீங்களும் இல்ல, நானும் இல்ல, அந்தப் பக்கத்த எழுதுனவரும் இல்ல. நகருங்க.”

நான் திருத்தியதைப் பழையபடி பிழையாக்கி, மறுபடி வெளியிட்டார். பிறகு அந்த ஆஸ்பத்திரிக்காரருக்கு பிரெஞ்சில் நீளமாக ஒரு கடிதம் எழுதினார். தவறு எங்களுடையது என்று எழுதியிருக்கிறார், எனக்கு அப்புறம்தான் தெரியும். திரை ஓடுகிறது என்று பதில் வந்த பிறகுதான் என் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அப்போதுதான் புடவையில் ஸ்கூட்டர் கிரீஸ் பட்டிருந்ததைப் பார்த்தார். அந்த மடிப்பை உள்ளே செருகிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

இவரை நான் ஏதோ சாமியார் மாதிரி சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. கூட வேலை செய்கிறவருக்கு அவர் பெரிய இம்சை. ஒருத்தன், எந்த ஊர்க்காரன் என்று தெரியவில்லை, ‘உன் குப்பையால் என் இரண்டு நாள் போச்சு, வேறு வேலை இருந்தால் போய்ப் பார்’ என்று எழுதியிருந்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று நான் துடிக்கிறேன். இவர் அவனுக்கு மன்னிப்புக் கேட்டு, அவன் செய்த தவறை அவனுக்காகத் திருத்தியும் அனுப்புகிறார்.

“உங்களுக்கு ரோஷமே வராதா?” என்று கத்தினேன்.

“ரெண்டு நாள் போனா எனக்குந்தான் கோவம் வரும்” என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

சாவடி வளர்ந்தது. முதல் வெர்ஷனில் ஒரு முறை. இரண்டாவதில் அதைவிட நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஆனால் முதல் முறையை நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்களே என்று அதையும் வைத்துக்கொண்டார். மூன்றாவதில் இன்னும் நல்ல முறை. பழையவை இரண்டும் அப்படியே. மூன்று முறையும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க, இடையில் நான்காவதாக ஒரு ஏற்பாடு. நூறு வரியாக இருந்தது பல ஆயிரம் வரி ஆனது. அதற்குள் வெளியே சாவடி மாதிரியே எத்தனையோ புது லைப்ரரிகள், அதாவது யாரும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல்கள், வந்துவிட்டன. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி சின்னதாக, வேகமாக. இணையத்தில் யாரோ சாவடியைப் பழைய சாமான் கடை என்று எழுதினார்கள். அது எனக்கு வலித்தது. உண்மையாக இருந்ததால் இன்னும் வலித்தது.

நான்காவது வெர்ஷனில் பழையதை எல்லாம் தூக்கிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மாடியில், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், நாங்கள் போட்ட சண்டை கீழே வாட்ச்மேனுக்கே கேட்டிருக்கும்.

“மொத முறைய இன்னும் யாரு யூஸ் பண்றாங்க?” என்றார் மதாம்.

“கொஞ்ச பேருதான். விரல் விட்டு எண்ணிடலாம்.”

“எண்ணுங்க.”

“இன்னா?”

“எண்ணி, பேரு சொல்லுங்க. எழுதிக் கேக்கறேன். எப்ப மாத்திப்பீங்கன்னு கேக்கறேன். எல்லாரும் மாத்திட்டா தூக்கிடலாம்.”

கேட்கவும் செய்தார். சிலர் உடனே மாற்றிக்கொண்டார்கள். சிலர் இரண்டு மாதம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து இன்னும் இரண்டு மாதம் என்றார்கள். ஒரு சிலரிடமிருந்து பதிலே இல்லை. பதில் வராதவர்களுக்காகத்தான் அவர் அதிகம் காத்திருந்தார். வருடங்கள் போயின. நான்காவது வெர்ஷன் எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் வரவில்லை, பையன் பிறந்த பிறகும் வரவில்லை. அவர் செய்வது நல்ல காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்ல காரியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள்தான் நகம் கடித்துக்கொண்டிருப்பது? வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்களும் பாவம்தானே. வராத ஆளுக்காக அவர்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? ஏறியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வேறு வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாவடியை முழுசாகப் பிரதி எடுத்தேன். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய முறைகளைக் கத்தரித்துவிட்டேன். சேதி இனி ஒரே தடவைதான். வாயில் நுழைகிற மாதிரி ஒரு ஆங்கிலப் பெயர் வைத்து வெளியிட்டேன். சட்டப்படி தப்பில்லை. சாவடியின் விதிகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது, அந்த விதியை எழுதியவரே அவர்தான். ஆனால் திங்கட்கிழமை காலை அவருக்கு முன்னால் ஆபீசுக்குப் போய், இப்படிச் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான். அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

பிடித்திருந்தால் அந்த வெளியீட்டுப் பக்கத்தில் யாரும் ஒரு நட்சத்திரம் போடலாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் என் லைப்ரரிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்திருந்தது. யார் என்று பார்த்தேன். அவர்தான். பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க் மூடியில் காபி குடித்துக்கொண்டு யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்த மாதமே வேறு வேலை தேடிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டேன்.

என் லைப்ரரி நன்றாக வந்தது. தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆகி, லாஸ்பேட்டைக்கே திரும்பிவிட்டேன். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் ஒருநாள் எதிரும் புதிருமாக அவரைப் பார்த்தேன். ஸ்கூட்டரில் முன்னால் கீரைக்கட்டு. நாலு வருடம் ஆகியிருந்தது. ஒளிய இடமில்லை.

“உங்களோடத முழுசாப் படிச்சேன்” என்றார், நேற்றுத்தான் பேசி முடித்த மாதிரி. “நல்லா வந்திருக்கு. சுத்தமா இருக்கு.”

“சாவடி எப்பிடி இருக்கு?”

“இருக்கு. அம்மா கீழ விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு. அண்ணனுங்க அங்க வந்துடுங்கன்றாங்க.”

“போறீங்களா?”

“போவணும். அம்மாவ ஒத்தையில அனுப்ப முடியாதுல்ல. அங்க போனா அம்மாவப் பாத்துக்கறதே முழு வேலையாப் போயிடும். இங்க இவங்க இருக்காங்க. அதான் யோசனையா இருக்கு.”

இவங்க என்று அவர் சொன்னது சொந்தக்காரர்களை இல்லை. நோட்டில் இருந்தவர்களை. எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் கீரை என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சாவடியின் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. ‘என்னால் இனி இதைத் தொடர முடியாது. இன்னும் சிலர் இதை நம்பியிருக்கிறார்கள். பொறுமையாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.’ நான் அதைப் படித்தேன். நாள்தோறும் போய்ப் பார்த்தேன், யாராவது வந்தார்களா என்று. யாரும் வரவில்லை. சம்பளம் இல்லாத, பேரும் கிடைக்காத, பழைய சாமானைத் துடைத்து வைக்கும் வேலைக்கு யார் வருவார்கள்? சாவடியை அவருக்கு அடுத்தபடியாக முழுக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் லாஸ்பேட்டையில் தன் வீட்டில் உட்கார்ந்து அந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் பார்த்துவிட்டு அவர் அறிவிப்பை எடுத்துவிட்டார். வேறு வேலை ஆரம்பித்தார். சாவடிக்காக எழுதிய நிரலை எடுத்து, அதை என் லைப்ரரிக்கு ஏற்றபடி தானாகவே மாற்றி எழுதிக் கொடுக்கும் ஒரு கருவி. புரிகிறதா? தன் கடையின் வாடிக்கையாளர்களை, சொல்லாமல் கொள்ளாமல் எதிரில் கடை போட்டவனிடம் கைபிடித்துக் கூட்டிவந்து விடுகிற வேலை. அதைச் செய்வதற்காக என் லைப்ரரியை வரி வரியாகப் பரிசோதித்திருக்கிறார். என் பக்கத்தில் பதினோரு புகார்கள் வந்தன. எல்லாம் அவர் எழுதியது. முன்பின் தெரியாதவர் எழுதுவதைப் போல அவ்வளவு மரியாதை. இந்த இடத்தில் இப்படி நடக்கிறது, பழைய போன்களில் நின்றுவிடுகிறது, இந்த வசதி இருந்தால் சிலர் வர முடியும்.

ஏழு புகார்களைச் சரிசெய்தேன். நான்கைத் தள்ளிவிட்டேன். அவை பழைய முறையை ஒட்டியவை. ‘இதற்காகத்தான் பிரிந்து வந்தோம், இவை தேவையில்லை’ என்று ஒரு வரி எழுதி மூடினேன். நியாயம் என் பக்கம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவர் ‘சரி, நன்றி’ என்று மட்டும் போட்டார். அந்த நான்கும் தேவைப்பட்டவர்களுக்கு அவரே தனித்தனியாக எழுதி, தற்காலிகமாக ஏதோ முட்டுக் கொடுத்து, எல்லாரையும் என் பக்கம் அனுப்பிவிட்டார். பிறகு சாவடியின் கடைசி வெர்ஷன் வந்தது. அதில் ஒன்றும் இல்லை. நிறுவினால் ஒரு வரி மட்டும் வரும், என் லைப்ரரியின் முகவரியோடு. அம்மாவோடு அவர் பிரான்சுக்குப் போய்விட்டார் என்று பழைய கம்பெனியில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வழியனுப்பப் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து என் லைப்ரரியின் அடுத்த பெரிய வெர்ஷன் தயாரானது. மிச்சமிருந்த பழைய பகுதிகளையும் சுத்தமாகத் துடைத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு வெளியிடுவதாக இருந்தது. இரண்டரைக்கு ஒரு கடிதம். ஏதோ ஒரு தீவில் படகுச் சீட்டு கொடுக்கும் பக்கத்தை நடத்துகிறவர். பிரெஞ்சில் எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தேன். ‘புதிய வெர்ஷனில் நாங்கள் பயன்படுத்தும் பகுதி இருக்காது என்று உங்கள் குறிப்பில் பார்த்தோம். ஏதோ தவறாக அச்சாகியிருக்கும் என்று நினைக்கிறோம். ஏனென்றால் மதாம் எங்களுக்கு எழுதியது வேறு மாதிரி இருந்தது’ என்று சொல்லி, அவர் எல்லாருக்கும் எழுதிய கடிதத்தையும் இணைத்திருந்தார்.

‘சாவடியை மூடுகிறேன். நீங்கள் போக வேண்டிய இடம் கீழே இருக்கிறது. அதை எழுதியவர் என்னோடு வேலை செய்தவர், சாவடியில் பாதி அவருடையது. அவர் ஆரம்பத்திலேயே சொன்னது சரி. உங்களை நான் ஒரே இடத்தில் அதிக நாள் உட்கார வைத்துவிட்டேன். கிளம்புங்கள் என்று தைரியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள். அவருக்குக் கொஞ்சம் வேகம் அதிகம். ஏதாவது உடைந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஆள் நிற்பது தெரிந்தால் நின்றுவிடுவார். ஒருவரையும் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.’

கடிதத்தின் மேலே தேதி இருந்தது. அவருடைய நான்கு புகார்களைத் தேவையில்லை என்று நான் மூடியதற்கு மறுநாள்.

கையைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். என்னைத் திட்டி எழுதியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், நியாயம் பேசியிருப்பேன். அந்தக் கடிதத்தில் இருந்தவன் நான் இல்லை. அப்படி ஒருத்தனை நம்பித்தான் அவர்கள் எல்லாரும் வந்து இறங்கியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

என்னோடு சேர்ந்து அந்த லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

“மணி மூணு ஆச்சு. வெளியிட்டுடலாமா?”

“வேணாம். நிறுத்தி வைங்க.”

“ஏன், பிழை ஏதாவது பாத்தீங்களா?”

“இல்ல. இன்னும் கொஞ்ச பேரு வரணும்.”

“எத்தன பேரு?”

“தெரியல” என்றேன். “எழுதிக் கேக்கணும்.”